ஆகஸ்ட் மாதத்தைத் திருப்பித் தாருங்கள்: அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் (GAA) ஆண்டு மாநாட்டுப் பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராளர்களுக்கு,

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை மாலை இதை எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று, அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், டப்ளின் குரோக் பார்க்கில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, எங்கள் மாவட்டமான (இங்கே கவுண்டி என்பார்கள்) மேயோவின் அணி 1-16 (ஒரு கோல், பதினாறு புள்ளி) எடுத்தும், 1-17 எடுத்த டப்ளினிடம் ஒரே புள்ளியில் கோப்பையை இழந்தது. அன்று எங்கள் தெருவில் கொடி கட்டாத வீடு இல்லை. இன்று அதே தெருவில் பேச்சு கூட இல்லை. கவுண்டி அணிகளுக்கிடையிலான இவ்வாண்டுச் சாம்பியன்ஷிப் ஜூலை 27-ஆம் தேதியே முடிந்துவிட்டது. மேயோவுக்கோ அது ஜூன் 15-ஆம் தேதி, ஆரம்பப் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடப்படுவதற்கு முன்பே முடிந்தது.

தோற்றதற்காக நான் புகார் சொல்ல வரவில்லை. மேயோக்காரர்களுக்குத் தோல்வி புதிதல்ல. சாம்பியன்ஷிப்பை வெல்பவருக்கான சாம் மெக்வயர் கோப்பை 1951-க்குப் பிறகு இந்தக் கவுண்டியின் எல்லையைத் தாண்டி உள்ளே வரவில்லை. 1989 முதல் 2021 வரை பதினொரு இறுதியாட்டங்களில் தோற்றவர்கள் இவர்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டும் கொடியைத் தூசி தட்டி எடுத்துக் கட்டிய ஊர் இது. நான் கேட்பது காலத்தைப் பற்றி. ஒரு கோடை முழுவதும் விரிந்திருந்த ஒன்றை, 2022-ஆம் ஆண்டிலிருந்து ஏப்ரல் தொடங்கி ஜூலை முடிவதற்குள் நெருக்கித் திணித்துவிட்டீர்கள். கடந்த பிப்ரவரியில் டொனிகாலில் கூடிய மாநாட்டில் போட்டியின் வடிவத்தை 2026 முதல் மாற்றத் தீர்மானித்தபோதும் இந்த நெருக்கடியில் கை வைக்கவில்லை. அதை நான் அமைதியாக ஏற்க முடியாது.

நான் செவிலியர், காசல்பார் அருகே ஒரு சிற்றூரில் பதின்மூன்று ஆண்டுகளாக வசிக்கிறேன். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் தலைமையகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் உங்கள் ஊர்க் கழகங்களின் சிறுவர் அணிகளில் ஆடும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் பலர், இது அவர்களுடைய ஆட்டம், இதில் நாம் பேச என்ன இருக்கிறது என்று மைதானத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நின்றவள்தான். பிள்ளையின் காலுறையைத் துவைத்துக் கொடுக்கிற எவருக்கும் பேசும் உரிமை உண்டு என்று இப்போது நினைக்கிறேன். (பந்தை வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் ஒன்று, இவ்வாண்டு வந்த புதிய விதிப்படி நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அனுப்பினால் இரண்டு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் பெற்றோருக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

2012 செப்டம்பர் முதல் வாரத்தில் நான் இங்கு வந்து இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து வந்த வழியெல்லாம் வேலிக்கு வேலி பச்சையும் சிவப்புமாகக் கொடிகள். ஒரு பழைய காருக்கு அதே இரு நிறங்களில் சாயம் பூசி வயலில் நிறுத்தியிருந்தார்கள். தேர்தல் நடக்கிறது போலும், ஒரே கட்சிக்கு இத்தனை செல்வாக்கா என்று வியந்தேன். மேயோ அரையிறுதியில் டப்ளினை வென்று, செப்டம்பர் 23-ஆம் தேதி டொனிகாலை எதிர்கொள்ள இருந்தது என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்று என் பிரிவின் மூத்த செவிலியர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த அம்மையார் தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கி, பதினைந்து பேர் எங்கெங்கே நிற்பார்கள் என்று எனக்குக் காட்டினார். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத புதியவளிடம், படுக்கையில் கிடந்த முதியவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யார் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறாய்? வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் அதே கேள்வி, இறைச்சிக் கடையிலும் அதே கேள்வி. இறுதியாட்டத்தில் பதினோரு நிமிடத்துக்குள் டொனிகால் இரண்டு கோல் அடித்துவிட்டது. மேயோவால் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறவே முடியவில்லை. மறுநாள் காலை என் பிரிவில் எவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த ஏறத்தாழ மூன்று வாரக் காத்திருப்பில் நான் இந்த ஊரில் ஒருத்தியாகியிருந்தேன். ஆட்டம் எழுபது நிமிடம்தான். என்னை உள்ளே அழைத்துக்கொண்டது ஆட்டத்துக்கு முன்னிருந்த இருபது நாட்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 2016 செப்டம்பர் 18-ஆம் தேதி இறுதியாட்டத்தில் மேயோ தன் வலைக்குள்ளேயே இரண்டு கோல்களைப் போட்டுக்கொண்டது. டப்ளின் எடுத்த 2-9-இல் அந்த இரண்டு கோல்களும் மேயோ கொடுத்தவை. அப்படியிருந்தும் நின்றுபோன நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களின் கடைசியில் சிலியன் ஓகானர் அடித்த புள்ளியால் ஆட்டம் சமனில் முடிந்தது. மறு ஆட்டம் அக்டோபர் 1-ஆம் தேதி. இடையில் பதின்மூன்று நாட்கள். அந்தப் பதின்மூன்று நாட்களைப் போல ஒரு காலத்தை நான் இந்த நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் வாழவில்லை. பந்து எப்படித் திரும்பியது, யார் காலில் பட்டது என்று பள்ளி வாசலில் தாய்மார்கள் குடையைக் கம்பமாக நட்டு நடித்துக் காட்டினார்கள். என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. வகுப்பறைச் சன்னலில் ஒட்டுவதற்கு அவன் வரைந்த படத்தில் கோல்கீப்பருக்கு ஆறு கை. பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் ஒரே காரில் டப்ளின் போய் வந்ததை நான் அறிவேன். திரும்பி வந்தபின் பழையபடி பேசாமல் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மறு ஆட்டத்திலும் ஒரே புள்ளியில் தோல்வி, 1-14-க்கு 1-15. கடைசியில் ஒரு ஃப்ரீ கிக் கம்பத்துக்கு வெளியே போனது. அந்த நாட்கள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி மேயோ கால்வேயை வென்று, சாம்பியன்ஷிப்புக்கு முன் நடக்கும் லீக் போட்டியின் கோப்பையை எடுத்தது. சரியாக ஏழு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று, கோனாட் மாகாணச் சாம்பியன்ஷிப்பில் காசல்பாரில் நடந்த தன் முதல் ஆட்டத்தில் ரொஸ்காமனிடம் தோற்று மாகாணப் போட்டியிலிருந்து வெளியேறியது. ரொஸ்காமன் அன்று நன்றாக ஆடியது, அதன் வெற்றியில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் நாட்டின் இரண்டாவது பெரிய கோப்பையை ஒரு ஞாயிறு வென்றவர்கள், அடுத்த ஞாயிறே வாழ்வா சாவா என்ற ஆட்டத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கொடியேற்றவோ, கோப்பையைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் காட்டவோ ஒரு வாரம் கூட இல்லை. 2025-இலும் அதே கதை: மார்ச் 30 லீக் இறுதியாட்டத்தில் கெரியிடம் தோல்வி, ஏப்ரல் 6 ஸ்லைகோவுடன் சாம்பியன்ஷிப். லீக் இறுதிக்கு வருவதே ஓர் அணிக்குத் தண்டனை என்கிற நிலையை அட்டவணை உண்டாக்கியிருக்கிறது.

இவ்வாண்டு டொனிகால் ஆடியதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 6-ஆம் தேதி டெரியுடன் தொடங்கி, ஜூலை 27-ஆம் தேதி கெரியிடம் இறுதியாட்டத்தில் தோற்றது வரை பதினாறு வாரங்களில் பதினொரு சாம்பியன்ஷிப் ஆட்டங்கள். அதில் ஜூன் 15-இல் ரொஸ்காமன் ஹைட் பார்க்கில் எங்களுடன், அடுத்த வார இறுதியில் பாலிபோஃபேயில் லௌத்துடன், அதற்கடுத்த வார இறுதியில் குரோக் பார்க்கில் மோனஹனுடன் என்று தொடர்ந்து மூன்று வாரங்கள். இறுதியில் கோப்பையை வென்ற கெரியும் அதே மூன்று வார இறுதிகளில் மீத், கேவன், அர்மா என்று தொடர்ந்து ஆடியது. இவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் அல்லர் என்பதே உங்கள் சங்கத்தின் பெருமை. திங்கட்கிழமை காலை வகுப்பெடுக்கவும் மாடு கறக்கவும் போகிறவர்கள். எங்கள் மருத்துவமனைக்கு வரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் தசைநார்களைத் தொட்டுப் பார்க்கும் எனக்கு, ஓய்வு என்பது சொகுசு அல்ல என்று தெரியும்.

இந்த நெருக்கடியைக் குழுச் சுற்று மேலும் கேலிக்கூத்தாக்கியது. 2023 முதல் மூன்று ஆண்டுகள், பதினாறு அணிகளில் நான்கை மட்டும் வெளியேற்றுவதற்கு இருபத்து நான்கு ஆட்டங்கள் ஆடப்பட்டன. அதை 2026 முதல் கைவிட்டதற்காக நன்றி. முதலில் தோற்கும் அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டாவது முறை தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்ற புதிய ஏற்பாட்டை வரவேற்கிறேன். ஆயினும் ஆட்டங்களைக் குறைத்து மிச்சப்பட்ட நாட்களை ஆட்டங்களுக்கு இடையில் பிரித்துக் கொடுத்திருக்கலாமே. ஜூலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டு அப்படியே இருக்கும்வரை, வடிவம் எதுவாயினும் அது அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம்தான்.

நெருக்கடியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூன் 16, ஞாயிறு. ஹைட் பார்க்கில் மேயோவும் டப்ளினும் சமனில் முடித்தன; கடைசி நொடிகளில் டப்ளின் எடுத்த புள்ளியால் நேராகக் காலிறுதிக்குப் போகும் வாய்ப்பு எங்களிடமிருந்து நழுவியது. காலிறுதிக்கு முந்தைய சுற்றில் டெரியுடன் மோத வேண்டும், ஆட்டம் காசல்பாரில், சனிக்கிழமை மாலை என்று அந்த வாரத்தில்தான் தெரிந்தது. என் பணி அட்டவணை நான்கு வாரங்களுக்கு முன்பே எழுதப்படுகிறது. சனிக்கிழமை நான் மாற்றுப் பணியாள் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் வேலைக்குப் போனேன். மருத்துவமனைகளிலும் பால் பண்ணைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இதே நிலைதான். வார இறுதி என்பது எல்லாருக்கும் விடுமுறை என்று நினைப்பவர்கள்தான் ஐந்தாறு நாள் அவகாசத்தில் ஆட்டம் வைக்க முடியும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. 1951-இல் மேயோ மீத்தை வென்றபோது அவருக்குப் பத்து வயது. அந்தப் பகுதியில் வானொலி இருந்த ஒரே வீட்டின் சமையலறையில் கால் வைக்க இடமில்லாமல் நின்று அந்த வருணனையைக் கேட்டதாகச் சொல்வார். மைதானம் அவர் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். ஆனால் இப்போது டிக்கெட் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாயிலில் காசு கொடுத்து நுழைந்த காலம் கொரோனாவோடு போய்விட்டது. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. வேலை இடைவேளையில் நான் அவருக்காக ஒரு டிக்கெட்டை வாங்கித் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். வாயிலில் அந்தத் தாளிலிருந்த குறியீட்டை இயந்திரம் படிக்கவில்லை. அங்கே நின்ற தன்னார்வலர் இளைஞர், பாவம், என்ன செய்வார். கைப்பேசியில் காட்டுங்கள் என்றார். வரிசை பின்னால் நீண்டது. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் விலகி வீட்டுக்கு வந்து, வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் இருந்த வானொலியில் அதே ஆட்டத்தைத் துண்டு துண்டாகக் கேட்டேன். அவகாசம் இரண்டு வாரமாக இருந்திருந்தால், உள்ளூர்க் கழகத்தின் வழியாக அவருக்கு அட்டை டிக்கெட் ஒன்று வாங்கித் தந்திருக்க முடியும். அல்லது நானே உடன் போயிருப்பேன்.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுபது நிமிடத்திலும் முடியவில்லை, கூடுதல் நேரத்திலும் முடியவில்லை. பெனால்டியில் டெரி வென்றது. பதினைந்துக்குப் பதினைந்து பேர் ஓடியும் பாய்ந்தும் பந்தைப் பிடித்தும் ஆடும் ஓர் ஆட்டத்தை, ஓர் ஆள் நின்று உதைக்க இன்னொருவர் வலையில் நின்று தடுக்கும் சூதாட்டத்தில் முடித்து வைப்பதற்கு ஒரே காரணம், மறு ஆட்டம் வைக்க அட்டவணையில் நாள் இல்லை என்பதுதான். எங்களைவிட அதிகம் அடிபட்டவர்கள் அர்மாக்காரர்கள். 2022 காலிறுதியில் கால்வேயிடம், 2023 அல்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் டெரியிடம், அதே ஆண்டுக் காலிறுதியில் மோனஹனிடம், 2024 அல்ஸ்டர் இறுதியாட்டத்தில் டொனிகாலிடம் என்று மூன்று ஆண்டுகளில் நான்கு முறை பெனால்டியில் தோற்றார்கள். அந்த 2024-லேயே அவர்கள் கால்வேயை வென்று நாட்டின் கோப்பையை எடுத்தது அவர்களுடைய நெஞ்சுரத்தால். அதைக் காட்டி அட்டவணை சரியானது என்று எவரும் சொல்ல வேண்டாம். இரண்டு மாகாண இறுதியாட்டங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்படி முடிந்தன. மறு ஆட்டம் என்றால் அவை நடந்த குளோன்ஸ் ஊரின் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இன்னொரு நாள் வருமானம், இரு கவுண்டிகளின் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வாரக் கனவு. அதையெல்லாம் விட்டுக்கொடுத்து நாம் பெற்றது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டங்கள் ஒரே வார இறுதியில் குவிவதால் இன்னொன்றும் நடக்கிறது. எல்லாவற்றையும் கட்டணமில்லாத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. எனவே பல ஆட்டங்கள், குறிப்பாகச் சனிக்கிழமை ஆட்டங்கள், கட்டண இணைய ஒளிபரப்புக்குப் போகின்றன. எங்கள் பெரியவரைப் போன்றவர்களுக்கு மைதானத்தின் வாயிலும் மூடியிருக்கிறது, வீட்டின் திரையும் மூடியிருக்கிறது. டெயில்டியன் கோப்பை அணிகளின் கதியும் இதுவே. முதல் பதினாறில் இடம்பெறாத கவுண்டிகளுக்கென்று 2022-இல் நீங்கள் தொடங்கிய நல்ல போட்டி அது. ஆனால் அதன் இறுதியாட்டம், பெரிய கோப்பையின் அரையிறுதிக்கு முன்னால் ஆடப்படும் முன்னோட்டம் போல ஆகிவிட்டது.

நீங்கள் சொல்லப்போகும் பதிலை நான் அறிவேன். அதில் நியாயம் இருக்கிறது. கவுண்டி அணியில் ஆடுபவர்கள் சிலர், கழகங்களில் ஆடுபவர்கள் பல்லாயிரம் பேர். கவுண்டி அணியில் ஆடுபவர்களும் தத்தம் கழகங்களுக்கு ஆடுபவர்களே; பழைய முறையில் கவுண்டி அணி எப்போது தோற்று அவர்கள் திரும்புவார்கள் என்று தெரியாததால், கழக ஆட்டக்காரருக்குத் தன் அடுத்த ஆட்டம் எப்போது என்பதே தெரியாது. ஏப்ரலில் ஓர் ஆட்டம், பிறகு நாலு மாதம் பயிற்சி மட்டும், பிறகு அக்டோபர் சேற்றில் மூன்று ஆட்டம் என்று இளைஞர்களின் கோடைகள் வீணாயின. கழக ஆட்டக்காரர்கள் 2017-இல் தமக்கென்று ஓர் அமைப்பே தொடங்கிப் போராட வேண்டியிருந்தது. முதல் பகுதி கவுண்டி அணிகளுக்கு, மறு பகுதி கழகங்களுக்கு என்று ஆண்டை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் 2021-இல் நிறைவேறியதும் தன் வேலை முடிந்தது என்று அந்த அமைப்பு தன்னைக் கலைத்துக்கொண்டது. என் மகனுக்குப் பயிற்சி தரும் இளைஞர் எங்கள் கழகத்தின் முதல் அணியில் ஆடுபவர். திருமணத் தேதியை அட்டவணை பார்த்துக் குறிக்க முடிந்த முதல் தலைமுறை நாங்கள்தான் என்று அவர் என்னிடம் சொன்னபோது சிரித்தாலும், அதன் பின்னாலிருந்த நிம்மதியை நான் கவனித்தேன். அந்த நிம்மதியைப் பறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆண்டு இரண்டாகவே பிரிந்திருக்கட்டும். பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். லண்டனையும் நியூயார்க்கையும் சேர்த்து முப்பத்து மூன்று அணிகள் சாம்பியன்ஷிப்பில் இறங்குகின்றன. இவ்வாண்டு ஜூன் 29-ஆம் தேதி மாலைக்குள் சாம் மெக்வயர் கோப்பைக்கான ஓட்டத்தில் எஞ்சியவை நான்கே நான்கு. இறுதியாட்டத்தை நான்கைந்து வாரம் தள்ளி வைத்தால், ஜூலை நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியவை எட்டுக் கவுண்டிகளின் கழகங்கள், ஆகஸ்ட் முழுவதும் காத்திருக்க வேண்டியவை இரண்டே கவுண்டிகளின் கழகங்கள். மற்ற கவுண்டிகளில் கழகப் போட்டிகள் இப்போது தொடங்கும் நாளிலேயே தொடங்கலாம், அவற்றுக்கு இழப்பில்லை. மட்டையால் பந்தை அடித்து ஆடும் உங்கள் மற்றோர் ஆட்டமான ஹர்லிங், கால்பந்து இரண்டிலும் வலுவாக ஆடும் கவுண்டிகளில் சிக்கல் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கார்க்கிலும் கால்வேயிலும் இருப்பவர்கள் அதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆனால் இரண்டு மூன்று கவுண்டிகளின் சிக்கலுக்காக முப்பது கவுண்டிகளின் கோடையைச் சுருட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் சொல்ல வந்ததில் பாதி போய்விடும். செப்டம்பரில் இறுதியாட்டம் நடந்த காலத்தில் பள்ளிகள் திறந்திருந்தன. அணியின் சட்டை அணிந்து வரலாம் என்று ஒரு நாள் விடுவார்கள், சன்னலெல்லாம் படங்கள், ஆசிரியரே அணியில் ஆடுபவராக இருந்தால் அந்த வகுப்புக்குத் தனிக் கௌரவம். என்னைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைக் கற்றது அங்கேதான். ஏனெனில் எங்கள் வீடுகளில் அதைக் கற்றுத்தர அப்பாவோ தாத்தாவோ இல்லை. என் மூத்த மகன் ஆறு கை கோல்கீப்பரை வரைந்தவன். இப்போது சிறுவர் அணியில் ஆடுகிறான். அவன் தங்கை அதே பள்ளிக்குப் போகிறாள். அவள் வகுப்பில் ஒரு முறை கூடக் கொடி வரைந்ததில்லை. ஜூலையில் இறுதியாட்டம் நடக்கும்போது பள்ளிக் கதவு பூட்டியிருக்கிறது, பாதிப் பிள்ளைகள் ஊரில் இல்லை. செப்டம்பரில் அவர்கள் திரும்பி வரும்போது தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தின் மீது எனக்குக் கோபமில்லை. காலியாக விட்ட இடத்தில் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்.

ஆகவே பேராளர்களே, வரும் பிப்ரவரி மாநாட்டுக்கு முன் உங்கள் கவுண்டிக் குழுவில் நீங்கள் எழுப்ப வேண்டும் என்று நான் கேட்பவை இவை. 2027 முதல் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் ஆகஸ்டின் கடைசி ஞாயிறன்று, பள்ளிகள் திறக்கும் வாரத்தை ஒட்டி நடக்க வேண்டும். செப்டம்பரை நான் கேட்கவில்லை; கழகங்களுக்காக அதை விட்டுக்கொடுப்பது சரியென்றே நினைக்கிறேன். கிடைக்கும் நாட்களில் புதிய ஆட்டம் எதையும் நுழைக்கக் கூடாது. லீக் இறுதியாட்டத்துக்கும் எந்த அணியின் முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். எந்த அணியும் தொடர்ந்து மூன்று வார இறுதிகளில் ஆடக் கூடாது என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள்.

மாகாண இறுதியாட்டங்களிலும், நாட்டின் காலிறுதி முதல் இறுதி வரையிலும் பெனால்டியை நீக்கி, கூடுதல் நேரத்திலும் சமன் என்றால் மறு ஆட்டம் என்று அறிவியுங்கள். முந்தைய சுற்றுகளில் பெனால்டி இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் சண்டை போடப் போவதில்லை. ஆட்டத்தின் இடம், நாள், நேரம் மூன்றையும் குறைந்தது பதினான்கு நாட்களுக்கு முன் வெளியிடுங்கள். சுற்றுகளுக்கிடையே இரண்டு வாரம் இருந்தால் இது தானாகவே கைகூடும்.

ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு வாயிலில், எழுபது வயதைக் கடந்தவர்கள் காசு கொடுத்தோ உள்ளூர்க் கழகத்தில் வாங்கிய அட்டையைக் காட்டியோ நுழைய வழி செய்யுங்கள். இதற்கு மாநாட்டுத் தீர்மானம் கூடத் தேவைப்படாது. அடுத்த ஜனவரியில் லீக் தொடங்கும் நாளிலேயே செய்யலாம். கடைசி எட்டு அணிகள் ஆடும் ஆட்டங்கள் அனைத்தும், எந்தக் கிழமையில் நடந்தாலும், கட்டணமில்லாத் தொலைக்காட்சியில் வர வேண்டும் என்பதை அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்குங்கள்.

இவற்றில் எதை உங்கள் கவுண்டி ஏற்கிறது, எதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் என்ன என்பதை மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் வெளியிடும்படி ஒவ்வொரு பேராளரையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இம்மடலை நான் வாசிக்கப்போகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அந்தக் கூட்டத்துக்கு டிக்கெட் தேவையில்லை என்று அவருக்கு உறுதி கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காசல்பார் அருகே வசிக்கும் ஒரு செவிலியர், சிறுவர் அணி ஆட்டக்காரன் ஒருவனின் தாய்